வீதி விபத்தில் காயப்பட்டால் நட்டஈடு பெறுவது எப்படி? வன்னியில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

விபத்தில் காயப்பட்டவர்களின் ஆவணங்களைச் சேர்த்து, கோவையாக்கி, சட்டத்தரணியிடம் ஒப்படைப்பது என் வேலையின் பெரும்பகுதி. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். பலர் வந்து சேரும்போது விபத்து நடந்து இரண்டு வருடம் தாண்டியிருக்கும். ஏன் இவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: “பொலிஸ் கேஸ் நடக்குதுதானே தம்பி, அது முடியட்டும் எண்டு இருந்திட்டம்.” அந்த ஒரு எண்ணத்தால் கால் போனவரும் கை போனவரும் ஒரு சதமும் இல்லாமல் திரும்பிப் போவதைப் பார்க்கிறேன். கீழே இருப்பதை அதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒழுங்கு மாறினால் பின்னால் திருத்த முடியாத இடங்கள் இதில் உண்டு.

1. தொடங்கும் முன்: இரண்டு வழக்குகள், ஒரு கெடு

ஒரு விபத்திலிருந்து இரண்டு தனித்தனி வழக்குகள் வரலாம். முதலாவது, பொலிஸார் சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் போடும் குற்றவியல் வழக்கு. அது சாரதியைத் தண்டிப்பதற்கானது. நீதவான் காயப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்கும்படி கட்டளையிடலாம். ஆனால் வாழ்நாள் உழைப்பை இழந்த ஒருவருக்கு அது போதுமான தொகையாக இருக்காது.

இரண்டாவது, நீங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டிய சிவில் வழக்கு. முறையான நட்டஈடு கிடைப்பது இங்கேதான். இதைப் பொலிஸார் உங்களுக்காகப் போட மாட்டார்கள். நீங்களே சட்டத்தரணி ஒருவர் மூலம் போட வேண்டும்.

இனிக் கெடு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, இப்படியான நட்டத்துக்கான வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடும். பொலிஸ் வழக்கு இழுபடுவதோ, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதோ, காப்புறுதிக் கம்பனி “பார்க்கிறோம்” என்று சொல்லிக்கொண்டிருப்பதோ இந்தக் காலத்தை நிறுத்தாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் சித்த சுவாதீனம் இல்லாதவர்களுக்கும் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் அதை நம்பிக் காத்திருந்தால் சாட்சிகள் இடம்பெயர்ந்து போவார்கள், ஆவணங்கள் தொலைந்துவிடும்.

விபத்து நடந்த திகதியையும், அதிலிருந்து 18 மாதம் கழித்து வரும் திகதியையும் வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டாவது திகதிக்குள் கோவை சட்டத்தரணியின் மேசையில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் வந்தால் பிழையில்லாத வழக்கு எழுத அவருக்கு நேரம் இருக்காது.

2. விபத்து நடந்த இடம்: வாகனம் நகர முன்

உயிர்தான் முதல். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பொலிசுக்கு 119. காயப்பட்டவரை அனுப்பிய பிறகு, கூட நிற்கும் உறவினரோ நண்பரோ இடத்தில் தங்கிப் பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

வாகனங்களை ஓரம் கட்டுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். கிட்ட நின்று இலக்கத் தகடு, நொருங்கிய பகுதி. தூர நின்று, வாகனங்கள் வீதியில் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது தெரியும்படி இரண்டு திசையிலிருந்தும். பிரேக் பிடித்த ரயர் அடையாளம், உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடக்கும் இடம் இரண்டும் முக்கியம். எங்கே மோதியது என்ற கேள்விக்குப் பின்னால் பதில் சொல்வது அவைதான்.

வன்னியில் விசேடமாகப் பார்க்க வேண்டிய சில உண்டு. இரவில் நிற்கும் உழவு இயந்திரப் பெட்டியில் மோட்டார் சைக்கிள் போய் மோதுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அப்படியானால் பெட்டியின் பின்பக்கத்தை முதலில் படமெடுங்கள்: சிவப்பு வெளிச்சம் இருந்ததா, ஒளித்தெறிப்பு ஸ்டிக்கர் இருந்ததா, சேறு மூடிக் கிடந்ததா. அடுத்த நாள் காலையில் புது ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தால், முதல்நாள் இரவு எடுத்த படம் மட்டும்தான் உங்கள் பக்கம் பேசும். காலபோக அறுவடை நேரத்தில் வீதியின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தால் அதையும் எடுங்கள். மாட்டில் மோதிய விபத்தானால் மாட்டில் சுட்டிருக்கும் குறி தெரியும்படி ஒரு படம் வேண்டும். உரிமையாளரைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்காது.

பார்த்தவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வையுங்கள். “அந்தக் கடைக்காரர் பார்த்தவர்” என்பது மட்டும் போதாது. பக்கத்தில் கடையிலோ எரிபொருள் நிலையத்திலோ கமரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேட்டு, அந்தப் பதிவு வேண்டும் என்று பொலிசிலும் சொல்லுங்கள். பல கமராக்கள் சில நாட்களில் பழைய பதிவை அழித்து அதன் மேல் எழுதிவிடும்.

3. ஆஸ்பத்திரி: சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்

வைத்தியர் காயத்துக்கு மருந்து செய்வது ஒரு வேலை. சட்ட வைத்திய அதிகாரி, அதாவது ஜே.எம்.ஓ., அந்தக் காயத்தைப் பரிசோதித்துப் பதிவு செய்வது வேறு வேலை. நீதிமன்றத்துக்கு இரண்டாவது பதிவுதான் பெரிதும் தேவைப்படும். பொலிஸார் கொடுக்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை வைத்துத்தான் அவர் பார்ப்பார். படிவம் வரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கும் பொலிஸ் காவலரணில் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு பெரிய இடறல் இருக்கிறது. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ அனுமதிக்கப்பட்டவரை யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுராதபுரத்துக்கோ மாற்றுவார்கள். முதல் ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனைப் படிவம் அங்கேயே தங்கிவிடும். இரண்டாவது ஆஸ்பத்திரியில் அங்கே பார்த்திருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் ஜே.எம்.ஓ. பார்த்தாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பீ.எச்.ரி. (நோயாளியின் கட்டில் சீட்டு) இலக்கத்தையும், வார்ட் இலக்கத்தையும், சேர்ந்த திகதியையும் விட்ட திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பிக்கும்போது இவை இல்லாவிட்டால் பழைய பதிவைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

எலும்பு முறிவு சட்டத்தில் கடுங்காயம். அது அறிக்கையில் அப்படி வந்தால் பொலிஸ் வழக்கின் பாரமும் கூடும். எக்ஸ்ரே படங்களை வீட்டுக் கூரைக்குள் செருகி வைக்காதீர்கள், வெப்பத்தில் பழுதாகிவிடும். டயக்னோசிஸ் கார்டைப் போட்டோப் பிரதி எடுத்து, மூலத்தைக் கோவையில் வைத்து, பிரதியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

சாரதி குடித்திருந்தார் என்று சந்தேகம் இருந்தால் உடனேயே பொலிசில் சொல்லுங்கள். மணித்தியாலங்கள் போகப் போக இரத்தத்தில் மதுசாரத்தின் அளவு குறைந்துகொண்டே போகும். அடுத்த நாள் சொல்லிப் பயனில்லை.

4. பொலிஸ் வாக்குமூலம்

காயப்பட்டவரின் வாக்குமூலம் அநேகமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே எடுக்கப்படும். வலியிலும் மயக்கத்திலும் இருக்கும்போது அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். நினைவு தெளிவாக இல்லை என்றால் அதையே சொல்லுங்கள், பிறகு மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். “எப்படி நடந்தது என்று தெரியவில்லை, திடீரென்று அடிபட்டது” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, ஒன்றரை வருடம் கழித்து நீதிமன்றத்தில் முழு விபரமும் சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான்.

மொழி விடயத்தில் தயங்காதீர்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளங்கப்படுத்தப்படாமல் கையெழுத்துக் கேட்டால், “தமிழில் எழுதித் தாங்கோ ஐயா, வாசிச்சுப் பார்த்திட்டு வைக்கிறன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால் அவர் வரும்வரை காத்திருப்பது நல்லது.

பொலிஸார் இடத்தை அளந்து ஸ்கெட்ச் ஒன்று கீறுவார்கள். மின்கம்பத்தையோ கிலோமீற்றர் கல்லையோ ஆதாரமாக வைத்து, வீதியின் அகலம், மோதிய இடம், வாகனங்கள் நின்ற இடம் எல்லாவற்றையும் அதில் குறிப்பார்கள். உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அந்த நேரம் அங்கே நிற்பது பெரிய உதவி. எதிர்த்தரப்புச் சாரதி மட்டும் நின்று மோதிய இடத்தைக் காட்டினால், அவர் காட்டிய இடம்தான் ஸ்கெட்சில் விழும்.

முறைப்பாட்டின் இலக்கம், திகதி, பொலிஸ் நிலையத்தின் பெயர், பிறகு நீதவான் நீதிமன்ற வழக்கு இலக்கம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். வழக்குத் தவணைக்கு உங்களில் ஒருவர் போய் நில்லுங்கள். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டால், அந்தப் பதிவின் சான்றுபடுத்தப்பட்ட பிரதியை நீதிமன்றத்தில் விண்ணப்பித்து எடுங்கள். சிவில் வழக்கில் அது அவரே சொன்ன ஒப்புதல். அவர் விடுவிக்கப்பட்டாலும் மனம் தளர வேண்டாம். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் நிகழ்ந்திருக்கக்கூடியது அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். முதலாவதில் தோற்ற சம்பவம் இரண்டாவதில் வெல்லலாம்.

5. வாகனம் யாருடையது, காப்புறுதி எங்கே

சாரதியிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே சாரதி, உரிமையாளர், காப்புறுதிக் கம்பனி என்ற மூன்றையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனத்தால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான காப்புறுதி, இல்லாமல் வாகனத்தை வீதியில் ஓட்ட முடியாது. காப்புறுதிச் சான்றிதழின் இலக்கத்தையும், கம்பனியின் பெயரையும், செல்லுபடியாகும் காலத்தையும் பொலிசில் இருந்து எழுதி எடுங்கள். முடிந்தால் படமே எடுங்கள். வாகனம் விடுவிக்கப்பட்ட பிறகு இந்தத் தகவலைத் தேடி அலைய வேண்டி வரும்.

உரிமையாளர் யார் என்பதை இலக்கத் தகட்டை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எடுக்கலாம். ஆனால் இங்கே எத்தனையோ மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஓப்பன் பேப்பரில், அதாவது உரிமை மாற்றத்தைப் பதியாமல் கையெழுத்து வைத்த படிவத்தோடு மட்டும், கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. பதிவில் ஒருவர் பெயர், லீசிங் கம்பனி ஒன்றின் பெயரும் சேர்ந்திருக்கும், கையில் வைத்திருப்பவர் மூன்றாமவர். மூவரின் பெயரையும் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். யாரை எதிராளியாக்குவது என்று தீர்மானிப்பது அவர் வேலை.

சாரதியின் பிழைக்கு உரிமையாளர் பொறுப்பாவது, சாரதி அவருடைய வேலையாக ஓடியபோதுதான். அதனால் அந்த ஓட்டம் யாருக்காக நடந்தது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். மணல் ஏற்றிய டிப்பர் என்றால் மணல் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, மணல் யார் வளவுக்குப் போனது, சாரதிக்குச் சம்பளம் கொடுப்பது யார். “நான் வாகனத்தைச் சும்மா குடுத்தனான்” என்று உரிமையாளர் பின்னால் சொல்லும்போது இந்தக் கடதாசிகள்தான் பதில் சொல்லும்.

6. “கதைச்சு முடிப்பம்” என்று வரும்போது

மற்ற எல்லாப் படிகளையும்விட இதிலேயே அதிகம் பேர் இழக்கிறார்கள். காயப்பட்டவர் வார்ட்டில் இருக்கும்போதே எதிர்த்தரப்பு ஊர்ப்பெரியவர் ஒருவரையோ உறவினர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு வரும். “அவனும் குடும்பக்காரன், எங்கடை பெடியன்தானே” என்பார்கள். கையில் ஐம்பதாயிரமோ ஒரு இலட்சமோ இருக்கும். வீட்டிலே வான் கூலிக்கும் காசில்லாத நேரம் அது. வாங்கத்தான் தோன்றும்.

பணம் வாங்குவதில் பிழையில்லை, அதற்காக எதில் கையெழுத்து வைக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். அந்தக் கடதாசியில் “இனிமேல் இவ்விபத்து தொடர்பாக எவ்வித கோரிக்கையும் எனக்கு இல்லை” என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்து வைத்தால் பின்னால் வரும் எல்லாவற்றையும் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். முதல் மாதத்தில் காயத்தின் முழு அளவு வைத்தியருக்கே தெரியாது. முறிந்த எலும்பு பொருந்தாமல் போகலாம், வைத்த தகட்டை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை வரலாம், முழங்கால் மடங்காமலே நின்றுவிடலாம்.

உதவியாகப் பணம் தருகிறார்கள் என்றால் பற்றுச்சீட்டை நீங்கள் இப்படி எழுதுங்கள்: “இன்ன திகதி நடந்த விபத்தில் காயப்பட்ட எனது மருத்துவ மற்றும் பயணச் செலவுக்கான இடைக்கால உதவியாக இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டேன். இது எனது நட்டஈட்டு உரிமையைப் பாதிக்காது.” இதை அவர்கள் ஏற்காவிட்டால் அவர்கள் வாங்க வந்தது உங்கள் உரிமையை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் இருக்கும் மனத்தாங்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கிராமம், ஒரே கோயில், நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும் என்ற தயக்கம் உண்மையானது, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் செல்லுபடியான காப்புறுதி இருந்தால், தீர்ப்பான தொகையைக் கட்டுவது அந்தப் பெடியனின் குடும்பமல்ல, கம்பனி. இதைப் பக்குவமாக இரண்டு வீட்டாருக்கும் சொல்லி வைத்தால் பாதிக் கோபம் அடங்கிவிடுகிறது. உரிமையாளருக்கும் ஒரு வார்த்தை: கம்பனிக்குத் தெரியாமல் நீங்களே பொறுப்பேற்றுக் கதைத்து முடித்தால், காப்புறுதி நிபந்தனையைக் காட்டி அவர்கள் கைவிரிக்க இடமுண்டு.

காயப்பட்டவர் சிறுபிள்ளை என்றால் தாய் தகப்பன் கையெழுத்து வைப்பதில் இன்னும் கவனம் வேண்டும். வழக்கு ஒன்று நடக்கும்போது பிள்ளையின் சார்பில் சமாதானம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பொலிஸ் நிலையத்து வாசலில் முடிக்கும் விடயமல்ல அது.

7. கவனக்குறைவை நிறுவுவது

எங்கள் நாட்டில் இந்த வழக்குகள் உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் போகின்றன. விபத்து நடந்தது, காயம் வந்தது என்பது மட்டும் போதாது. நிதானமான ஒரு சாரதி அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை இவர் எடுக்கவில்லை, அதனால்தான் இந்தக் காயம் வந்தது என்று காட்ட வேண்டும்.

அதனால் “வேகமா வந்தவன்” என்று சொல்லிவிட்டு நிற்காதீர்கள். எதைப் பார்த்து வேகம் என்று சொல்கிறீர்கள்? பிரேக் அடையாளத்தின் நீளம், மோதிய பிறகு வாகனம் எவ்வளவு தூரம் போய் நின்றது, எந்தப் பக்கம் நொருங்கியது, பாடசாலை முன்னாலா, சந்தியா, மழையா, வெளிச்சம் இருந்ததா. வாகனத்தைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கையில் பிரேக், ரயர், வெளிச்சம் பற்றி இருக்கும். அதன் பிரதியும் கோவையில் வேண்டும்.

உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால் மறைக்க வேண்டாம். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, காயப்பட்டவரிடமும் கவனக்குறைவு இருந்தது என்பதற்காக வழக்கு முழுதாகத் தள்ளுபடியாவதில்லை. பங்கு பிரித்துத் தொகையைக் குறைப்பார்கள். நட்டம் 20 இலட்சம் என்று கண்டு, உங்கள் பங்கு நூற்றுக்கு 25 என்று நீதிமன்றம் தீர்மானித்தால் 15 இலட்சம் கிடைக்கும். சட்டத்தரணிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பங்கைக் குறைக்க வழி பார்ப்பார். குறுக்கு விசாரணையில் திடீரென்று வெளியே வந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் நம்பப்படாமல் போகும்.

“எனக்கு லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் போடேல்லை, அப்ப வழக்குப் போடேலாது” என்று தாங்களே முடிவெடுத்துப் பேசாமல் இருப்பவர்கள் ஏராளம். அனுமதிப்பத்திரம் இல்லாதது தனிக் குற்றம். அது ஒன்றினாலேயே விபத்துக்கு நீங்கள் காரணமாகிவிட மாட்டீர்கள். ஹெல்மெட் விடயம் தலைக்காயத்தில் வரும். கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லை. கேட்டுப் பார்க்காமல் கைவிடாதீர்கள்.

8. நட்டத்தைக் கணக்கிடுவது

“எவ்வளவு கேட்கலாம்?” என்பது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்லலாம்.

செலவு. அரச ஆஸ்பத்திரி இலவசம் என்பதால் செலவே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். வெளியில் எடுத்த ஸ்கான், வாங்கிய மருந்து, ஊன்றுகோல், கிளினிக்குக்குப் பிடித்த ஓட்டோ, கூட நின்றவரின் சாப்பாடு, அவர் இழந்த கூலி எல்லாம் செலவுதான். விபத்து நடந்த கிழமையிலேயே ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கள். திகதி, எங்கே போனது, எதற்கு, எவ்வளவு என்று நாளாந்தம் எழுதி, பற்றுச்சீட்டை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டுத் தருவதில்லை என்றால் அவர் பெயரையும் வாகன இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றன்றைக்கு எழுதிய கொப்பிக்கு நீதிமன்றத்தில் மதிப்புண்டு. ஒரே பேனையால் ஒரே இரவில் எழுதியது பார்த்தவுடனே தெரியும்.

இழந்த வருமானம். சம்பளக்காரருக்குச் சம்பளத் துண்டும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவும் போதும். வன்னியில் பெரும்பாலானோர் அப்படியல்ல. நெல் செய்பவர் கமநல சேவை நிலையத்துப் பதிவு, கமக்கார அமைப்பின் கடிதம், நெல் விற்ற துண்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுக்க வேண்டும். கடற்றொழிலாளி சங்கக் கடிதத்தோடு மீன் வாங்கிய முதலாளியின் துண்டுகளையும் எடுக்க வேண்டும். கிராம அலுவலரின் கடிதம் தேவைதான், ஆனால் அது மட்டும் இருந்தால் பலவீனம். அவர் உங்கள் வருமானத்தைக் கண்டவரல்ல, நீங்கள் சொன்னதை எழுதியவர் என்று எதிர்த்தரப்பு சொல்லும். கூலி கொடுத்தவர் நேரில் வந்து சாட்சி சொன்னால் நல்லது.

ஒரு மேசன் நாளுக்கு 3,500 ரூபாய்க்கு மாதம் 22 நாள் வேலை செய்தவர் என்று வையுங்கள். மாதம் 77,000. ஐந்து மாதம் படுக்கை என்றால் 385,000. அதன் பிறகு சாரத்தில் ஏற முடியாமல், நாளுக்கு 2,000 ரூபாய் வேலைதான் செய்யலாம் என்றால், நாளுக்கு 1,500 வீதம் மாதம் 33,000 ரூபாய் இழப்பு இன்னும் எத்தனை வருடம் தொடரும் என்பதே எதிர்கால இழப்பு. வயதையும், வைத்தியர் சொல்லும் நிரந்தர இயலாமையின் வீதத்தையும் வைத்து அதைக் கணிப்பார்கள். தொகை பெருகுவது இந்தப் பகுதியில்தான். ஆகவே சிகிச்சை ஓரளவு முடிந்த பிறகு, இயலாமையைக் குறிப்பிட்டு விசேட வைத்திய நிபுணரிடம் அறிக்கை ஒன்று கேளுங்கள். “குணமடைந்து வருகிறார்” என்ற பொதுவான வரியால் பயனில்லை.

வலியும் வேதனையும். இதற்குப் பற்றுச்சீட்டு கிடையாது, ஆனால் சட்டம் இதற்கும் ஈடு தருகிறது. முகத்தில் நின்ற தழும்பு, பிள்ளையைத் தூக்க முடியாமை, நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க முடியாமை, இரவில் நித்திரையின்மை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். காயத்தின் படங்களையும் திகதியோடு மாதாமாதம் எடுங்கள். பெண்கள் வீட்டு வேலையை வேலையாகவே சொல்ல மாட்டார்கள். “நான் வீட்டிலைதான் இருந்தனான்” என்று சொல்லிவிடுவார்கள். சமையல், தண்ணீர் அள்ளுதல், கோழி ஆடு பார்த்தல், தோட்டம் எல்லாவற்றையும் எழுதிக்கொடுங்கள். அவற்றைச் செய்ய இப்போது யாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

9. கோரிக்கைக் கடிதமும் வழக்கும்

கோவை தயாரானதும் சட்டத்தரணி மூலம் சாரதி, உரிமையாளர், காப்புறுதிக் கம்பனி மூவருக்கும் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். தபால் துண்டைக் கோவையில் ஒட்டுங்கள். கம்பனி தொகை ஒன்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பேச்சு நடக்கும்போதும் 2 வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சிறிய தொகையிலான பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியவை. உங்கள் தொகை அந்த வரம்புக்குள் வருகிறதா என்று முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

விபத்து நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். ஏ9 வீதியில் மாங்குளத்துக்குப் பக்கத்தில் கொழும்பு பஸ் ஒன்று அடித்தது என்பதற்காக நீங்கள் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

சாரதியும் உரிமையாளரும் எதிராளிகள். தீர்ப்புக் கிடைத்தால் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி காப்புறுதிக் கம்பனி அதைத் தீர்க்க வேண்டும். ஆனால் 106 ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை: வழக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்போ, தாக்கல் செய்து 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு வழக்கு பற்றிய அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இது தவறினால் வென்ற வழக்கின் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு காசில்லாத சாரதியைத் துரத்த வேண்டி வரும். “அறிவித்தல் அனுப்பியாச்சா, பிரதி தாங்கோ” என்று சட்டத்தரணியிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இராணுவ வாகனமோ திணைக்கள வாகனமோ என்றால் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகுதான் வழக்குப் போட முடியும். அந்த ஒரு மாதத்தையும் 2 வருடத்துக்குள் அடக்க வேண்டும். பயப்பட்டு விட்டுவிடாதீர்கள். அரச ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் விசாரித்தால் கிட்டிய அலுவலகத்தைச் சொல்வார்கள். வருமானத்தைக் காட்டும் கிராம அலுவலர் கடிதத்தோடு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டி வராது.

10. வழமைக்கு மாறான சந்தர்ப்பங்கள்

அடித்துவிட்டு ஓடிய வாகனம் பிடிபடவே இல்லை என்றால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பொலிஸ் அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வேண்டும். ஆகவே ஆள் தெரியாவிட்டாலும் முறைப்பாடு போடுங்கள்.

வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால், 2022 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வரும் வழியில் அடிபட்டிருந்தாலும், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரும் வழி இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். ஒரு வழியைத் தொட்டால் மற்றது அடைபடக்கூடும், அதனால் கையெழுத்து வைக்கும் முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவர், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனவர் போன்றோருக்குக் காப்புறுதி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஒப்பந்தத்தை வாசித்தால்தான் தெரியும். இவர்களின் கோவையில் காப்புறுதி ஒப்பந்தத்தின் பிரதியை முதல் வேலையாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

11. பணம் வரும் நேரம்

சமாதானமாக முடிந்தால், கையெழுத்து வைக்கும் கடதாசியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: மொத்தத் தொகை எழுத்திலும் இலக்கத்திலும் ஒன்றா, எந்தத் திகதிக்குள் கட்டுவார்கள், கட்டாவிட்டால் என்ன. திகதி இல்லாத இணக்கம் மாதக்கணக்கில் இழுபடும்.

காசோலை காயப்பட்டவரின் பெயரிலேயே வரவேண்டும். மைத்துனரின் கணக்கு, சித்தப்பாவின் கணக்கு என்று போட்டுப் பின்னால் குடும்பம் பிரிந்ததைக் கண்டிருக்கிறேன். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் வழக்கு நடக்கும்போதே ஒன்றைத் திறந்து வையுங்கள். சட்டத்தரணியின் கட்டணத்தை ஆரம்பத்திலேயே எழுத்தில் பேசி, கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வீதம் கேட்டு இடையில் வரும் ஆட்களுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுக்காதீர்கள்.

தீர்ப்பாக முடிந்தால், தீர்ப்பாணையின் சான்றுபடுத்தப்பட்ட பிரதியைக் கம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எதிர்த்தரப்பு மேன்முறையீடு செய்தால் காலம் நீளும். அந்த இடைவெளியிலும் கிளினிக் பதிவுகளைத் தூக்கி எறியாமல், கோவையை ஈரமும் கறையானும் படாத இடத்தில் வைத்திருங்கள்.